கம்ப்யூட்டர் படித்தவருக்கு உலக விவகாரத்தில் வேலை: மேலூர் காட்டும் வழி

"எம்.சி.ஏ. முடித்து விட்டேன். சாப்ட்வேர் கம்பெனியில் புரோகிராம் எழுதுவதை விட்டால் வேறு வழியே இல்லையா? எனக்கு உலக நடப்புகளில் ஆர்வம் அதிகம். இரண்டையும் சேர்த்துச் செய்கிற வேலை ஏதாவது இருக்கிறதா?"

இந்தக் கேள்வி பல வடிவங்களில் என்னிடம் வருகிறது. கே.கே. நகரில் நான் குடியிருக்கும் தெருவிலேயே இதைக் கேட்டவர்கள் உண்டு. இதே கேள்வி பெற்றோரிடமிருந்து வரும்போது கொஞ்சம் கனமாக இருக்கும். "பையன் அமெரிக்கா போய் டெக்னாலஜியும் சர்வதேச விவகாரமும் சேர்ந்த மேற்படிப்பு படிக்க வேண்டும் என்கிறான். அப்படி ஒரு படிப்பு உண்டா? வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா?"

படிப்பு உண்டு. வேலையும் உண்டு. பத்திரத்தை வைக்கலாமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன். அந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரியாமல் கடனைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அதைத் தெரிந்து கொள்ள நியூயார்க் வரை போக வேண்டாம். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் போய்ச் சேரும் மேலூரே போதும்.

அதற்கு முன்னால் உங்கள் வீட்டு வை-பி ரவுட்டரை ஒரு முறை பாருங்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது. மைக்ரோவேவ் அடுப்பும் அதே வரிசைதான். இந்த வரிசையை இப்படிப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தது யார்? ரவுட்டர் கம்பெனியும் அல்ல, டில்லி அரசு மட்டுமும் அல்ல. 1947-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் பல நாட்டு அரசுகள் கூடி, தொழிற்சாலை, மருத்துவக் கருவிகள் போன்றவற்றிற்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கின. அப்படி ஒதுக்கிய ஒன்றில்தான் பின்னாளில் வை-பி குடியேறியது. அந்த மாநாட்டை நடத்திய அமைப்பு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், அதாவது ஐ.டி.யு. 1865-ல் தந்திக்காகத் தொடங்கிய அமைப்பு இது. இன்று ஜெனிவாவில் இயங்குகிறது. 194 நாடுகள் உறுப்பினர்கள்.

ஆனால் ஜெனிவாவில் முடிவானால் மட்டும் போதாது. ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் அதை ஏற்க வேண்டும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையைக் கட்டடத்திற்கு வெளியேயும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற அறிவிப்பு 2005 ஜனவரியில்தான் வந்தது. ஆக, உங்கள் ரவுட்டருக்குள் இன்ஜினியரிங்கும் இருக்கிறது, பல நாட்டு உடன்பாடும் இருக்கிறது. இந்த இரண்டும் சந்திக்கிற இடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மேலூரில் நடந்தது என்ன?

2001-ம் ஆண்டு. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இன்டர்நெட் மையங்கள் திறக்கப்பட்டன. மதுரை நகரத்திலேயே மோடம் கீச்சிட்டு இணைப்புக் கிடைக்கக் காத்திருந்த காலம் அது. திட்டத்தின் பெயர் சாரி. உடுத்துகிற சேலை அல்ல! கிராமப்புற இந்தியாவிற்கு நிலைத்து நிற்கும் இணைய வசதி என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகள். சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகியவற்றின் ஆட்கள் இதில் சேர்ந்திருந்தார்கள். கிராமத்திற்கு இணைப்புக் கொடுத்தது ஐ.ஐ.டி. குழுவிலிருந்து பிறந்த என்-லாக் என்ற நிறுவனம்.

இணைப்பு வந்த விதம் சுவையானது. கிராமத்திற்குக் கம்பி இழுக்கச் செலவு அதிகம். அதனால் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினார்கள். ஊரில் ஒரு டவர். அதிலிருந்து 10 கி.மீ. சுற்றளவு வரை இணைப்புக் கிடைக்கும். நடுவில் ஒரு ரிலே வைத்தால் 25 கி.மீ. வரை போகலாம். ஸ்பீடு 35 அல்லது 70 கேபிபிஎஸ். இன்று ஒரு போட்டோ அனுப்பக் கூட நமக்குப் பொறுமை இருக்காது. அன்று அதுவே பெரிய விஷயம். கார்டெக்டின் அடிப்படை டெக்ட் என்ற ஐரோப்பியத் தர நிர்ணயம் என்பதையும் கவனியுங்கள். ஐரோப்பாவில் வீட்டுக் கார்ட்லெஸ் போனுக்காக எழுதிய விதியை எடுத்து, மேலூர் வயல்வெளிக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறார்கள். தர நிர்ணயம் என்றால் தூங்க வைக்கும் சமாசாரம் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

மையத்தில் ஒரு கம்ப்யூட்டர், பிரிண்டர், வெப் கேமரா, யு.பி.எஸ்., போன். பெரும்பாலும் உள்ளூர் இளைஞரோ பெண்ணோ கடன் வாங்கி நடத்தினார்கள். கம்ப்யூட்டர் பயிற்சி, போட்டோ, ஜாதகம், இ-மெயில் என்று வருமானம். பயிரில் நோய் கண்டால் இலையைப் படம் பிடித்து, மதுரை வேளாண்மைக் கல்லூரிக்கு அனுப்பி ஆலோசனை கேட்டார்கள். கண்ணில் கோளாறு என்றால் வெப் கேமராவில் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அந்த மருத்துவமனை எங்கள் கே.கே. நகரை ஒட்டிய அண்ணா நகரில்தான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது அரசாங்க விண்ணப்பம். பிறப்பு, இறப்புச் சான்றிதழ், முதியோர் உதவித் தொகை. இவற்றிற்கு மேலூர் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டும். ஒரு முறை போனால் அன்றைய கூலி போச்சு. பஸ் காசு வேறு. ஆபீசர் இல்லையென்றால் மறுபடி நடை. மையத்திலிருந்தே விண்ணப்பம் அனுப்பும் வசதி வந்ததும், மையம் இருந்த கிராமங்களிலிருந்து போகும் விண்ணப்பங்கள் கூடின. இது வெறும் பேச்சல்ல. ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் இருவரும் ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டார்கள்.

பிறகு என்ன ஆனது? விண்ணப்ப வசதி நின்று போனது. மென்பொருள் கெட்டுப் போகவில்லை. டவரும் சாயவில்லை. திட்டத்தில் அக்கறை காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். அடுத்து வந்தவர்களுக்கும் தாலுகா அலுவலக ஊழியர்களுக்கும் இதை நடத்த வேண்டிய கட்டாயமோ பயிற்சியோ இல்லை. மையங்களும் ஒவ்வொன்றாக மூடின. 2008-ல் அதே இருவரும் இந்தத் தோல்வியைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதினார்கள். தனி ஆளாகக் கடன் வாங்கி நடத்தியவர்கள் வருமானம் கட்டுப்படியாகாமல் மூடினார்கள். பழுதானால் ஓடி வந்து பார்க்க ஆள் கிடைக்காததும் ஒரு காரணம். கம்ப்யூட்டர் பயிற்சி பெற்ற ஆள் உட்கார்ந்திருந்த மையங்கள் கூடுதல் காலம் தாக்குப் பிடித்தன.

என் பார்வையில், டெக்னாலஜியும் உலக விவகாரமும் சேர்ந்த வேலை என்றால் இதுதான். மூன்று பல்கலைக்கழகம், இரண்டு நாடு, ஒரு தனியார் நிறுவனம், ஒரு தாலுகா ஆபீஸ். இவர்களுக்குள் என்ன ஒப்பந்தம்? அதிகாரி மாறினாலும் சேவை தொடர எந்த உத்தரவு வேண்டும்? பழுதுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விகளை முதல் நாளே கேட்கத் தெரிந்த ஆள்தான் இங்கே தேவை. அந்த ஆளுக்குக் கார்டெக்ட் எப்படி வேலை செய்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இன்ஜினியர் சொல்வதெல்லாம் வேதவாக்காகிவிடும்.

இந்த இரு ஆய்வாளர்களும் பிறகு எங்கே போனார்கள் என்று பாருங்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. மைக்கேல் பெஸ்ட் எம்.ஐ.டி. மீடியா லேபில் படித்த கம்ப்யூட்டர்காரர். பிறகு ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். எந்தத் துறையில்? கம்ப்யூட்டிங் பள்ளியில் ஒரு கால், சாம் நன் சர்வதேச விவகாரப் பள்ளியில் இன்னொரு கால். தகவல் தொழில்நுட்பமும் சர்வதேச வளர்ச்சியும் என்ற பொருளுக்கென்றே 2003-ல் வரத் தொடங்கிய ஆய்விதழை நிறுவியவர்களில் ஒருவர். ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் மக்காவில் கம்ப்யூட்டிங்கும் சமூகமும் பற்றிய நிறுவனம் அமைத்தபோது அதன் முதல் இயக்குநரும் அவரே. ராஜேந்திர குமார் தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி. எம்.ஐ.டி.யில் ஆய்வு செய்தவர். படித்து முடித்து அரசுப் பணியிலேயே தொடர்ந்தார். ஒருவர் பல்கலைக்கழகம் வழியாக ஐ.நா. வரை போனார். மற்றவர் அரசாங்கத்திற்குள் இருந்தார். இருவரையும் சேர்த்தது மேலூர்.

தேனிக்குப் போன வை-பி

இன்னொரு கதை. இதில் இன்ஜினியரிங் அதிகம். வீட்டில் ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்குப் பிடிக்கும்.

அரவிந்த் மருத்துவமனையை 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கினார். கிராமத்து நோயாளி ஒவ்வொரு முறையும் பெரிய மருத்துவமனைக்கு வராமல், பக்கத்து ஊரிலேயே சிறிய கண் பரிசோதனை மையத்திற்குப் போய், வீடியோ வழியாக டாக்டரைப் பார்க்க முடியுமா என்பது கேள்வி. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் குழு இதற்கு வை-பியையே பயன்படுத்தலாம் என்றது. தேனியில் உள்ள அரவிந்த் மருத்துவமனையைச் சுற்றிய ஊர்களில் இதை அமைத்தார்கள்.

அறையைத் தாண்டினாலே சிக்னல் போய்விடுகிற வை-பி, கிலோ மீட்டர் கணக்கில் எப்படிப் போகும்? ஒரே திசையில் பாயும் ஆன்டெனாவை உயரமான டவரில் வைத்து எதிரெதிரே பார்க்க வைத்தால் போகும். ஆனால் ஒரு சிக்கல். வை-பி ஒவ்வொரு தகவல் பொட்டலத்தை அனுப்பியதும் "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். தூரம் அதிகமானால் பதில் தாமதமாகும். வரவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். இரு முனைகளும் ஒரே நேரத்தில் பேசி மோதிக் கொள்ளும். அதனால் பெர்க்லிக்காரர்கள் மென்பொருளை மாற்றி, இவ்வளவு நேரம் நீ பேசு, அடுத்து நான் என்று முறை வைத்தார்கள். வேகம் பல மடங்கு கூடியது. இதை 2007-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அடுத்த ஆண்டு அவர்கள் எழுதிய கட்டுரைதான் எனக்குப் பிடித்தது. அதில் வேகத்தைப் பற்றி அதிகம் இல்லை. கிராமத்து மின்சாரத்தில் வோல்டேஜ் எகிறிக் குதித்துக் கருவிகள் எரிந்தது, திடீரென்று மின்சாரம் போய் மெமரி கார்டில் பைல்கள் கெட்டது, கலிபோர்னியாவில் இருந்து கொண்டு தேனியில் எந்த வயர் கழன்றது என்று தெரியாமல் தவித்தது, கடைசியில் உள்ளூர் ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்துப் பொறுப்பை ஒப்படைத்தது. வெளிநாட்டுக் குழு போன பிறகும் இந்தச் சேவை நிலைத்தது. அரவிந்தின் இத்தகைய மையங்கள் இன்று 100-ஐத் தாண்டிவிட்டன. இணைப்பு வகைகள் காலத்திற்கேற்ப மாறியிருக்கும். நோயாளி ஊரில், டாக்டர் தூரத்தில் என்ற ஏற்பாடு மாறவில்லை.

மேலூருக்கும் தேனிக்கும் என்ன வேறுபாடு? எனக்குத் தெரிவது இதுதான். தேனியில் சேவைக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். மருத்துவமனைக்கு அது தன் வேலை. மேலூரில் விண்ணப்பச் சேவை ஓர் அதிகாரியின் ஆர்வமாக இருந்தது. இன்னொன்று, நான் முன்பு சொன்ன 2005 அறிவிப்பு. அது வந்திராவிட்டால் வெளியே டவர் வைத்து வை-பி விடுவதற்கு உரிமம் வாங்க அலைய வேண்டியிருக்கும். டில்லியில் ஒரு பக்க அறிவிப்பு, தேனியில் எத்தனையோ பேருக்குக் கண் பரிசோதனை.

இதே அரவிந்த் பின்னர் கூகுளுடன் சேர்ந்தது. சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவு பற்றிய ஆய்வு 2016-ல் வெளியானது. 2019-ல் மதுரை அரவிந்தில் அது நோயாளிகளிடம் பயன்பாட்டிற்கு வந்தது. இப்போது புதிய கேள்விகள். மதுரை நோயாளியின் விழித்திரைப் படம் வேறு நாட்டு சர்வரில் இருக்கலாமா? ஐரோப்பாவில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டின் 2023 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் 2025 நவம்பரில் வந்த அதன் விதிகளும் என்ன சொல்கின்றன? ஒரு நாட்டில் அனுமதி பெற்ற மென்பொருளை இன்னொரு நாட்டில் டாக்டர் நம்பலாமா? இவற்றிற்குப் பதில் எழுத ஆட்கள் வேண்டும். அவர்களுக்குச் சம்பளமும் உண்டு.

எங்கெல்லாம் வேலை?

எண்ணிக்கையில் அதிகமான வேலைகள் ஐ.நா.வில் இல்லை. சென்னை, பெங்களூரு கம்பெனிகளில்தான் இருக்கின்றன. ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் எந்த சாப்ட்வேர் நிறுவனத்திற்கும் தகவல் பாதுகாப்பு அதிகாரிகள் தேவை. அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொன்று ஏற்றுமதிக் கட்டுப்பாடு. ராணுவத்திற்கும் பயன்படக் கூடிய சிப், ட்ரோன் பாகம், சில வகை என்கிரிப்ஷன் மென்பொருள் ஆகியவற்றை நினைத்த நாட்டிற்கு அனுப்பிவிட முடியாது. இதற்கான வாசெனார் ஏற்பாட்டில் இந்தியா 2017 டிசம்பரில் சேர்ந்தது. நம் பட்டியலுக்கு ஸ்கோமெட் என்று பெயர். அந்தப் பட்டியலை வரி வரியாகப் படித்து, "இந்த மாடல் இதற்குள் வரும், அந்த மாடல் வராது" என்று சொல்லத் தெரிந்த இன்ஜினியர் அரிது. அலுப்பான வேலைதான். ஆனால் அரிதான வேலை.

அரசு வேலை விரும்புபவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஐ.எப்.எஸ். வெளியுறவு அமைச்சகத்தில் புதிய தொழில்நுட்பங்களுக்கென்றே 2020-ல் நெஸ்ட் என்ற தனிப் பிரிவு தொடங்கினார்கள். இன்ஜினியர்கள் ஐ.எப்.எஸ்.ஸில் சேருவது இப்போது சாதாரணம். ஆனால் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு வேறொரு வாசல் இருக்கிறது. யு.பி.எஸ்.சி. நடத்தும் இன்ஜினியரிங் சர்வீசஸ் தேர்வில் இந்திய ரேடியோ ஒழுங்குமுறைப் பணி என்று ஒன்று உண்டு. அலைவரிசையைப் பங்கிடும் பிரிவில் வேலை. ஐ.டி.யு. கூட்டங்களுக்கு நாட்டின் சார்பில் தயாராகும் வேலையும் இந்தப் பிரிவில் சேரும். ஐ.டி.யு.வின் தர நிர்ணய மாநாடு 2024 அக்டோபரில் புதுடில்லியிலேயே நடந்தது.

தமிழ் ஆர்வம் உள்ளவர்களுக்கு இணையப் பெயர்கள். முகவரியின் கடைசியில் .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே போட முடிகிறது அல்லவா? 2010, 2011-ம் ஆண்டுகளில் இவை வந்தன. இதற்கு ஐகான் என்ற அமைப்பின் ஒப்புதல் வேண்டும். நாட்டுப் பெயர்கள் என்பதால் அரசுகளின் சம்மதமும் வேண்டும். தமிழ் எழுத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. ஔ என்பதையும் ஒள என்பதையும் திரையில் வேறுபடுத்திச் சொல்லுங்கள் பார்க்கலாம். முதலாவது ஓர் எழுத்து, இரண்டாவது இரண்டு எழுத்து. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. ஒரு வங்கியின் பெயரில் இப்படி ஒன்று இருந்தால், மோசடிக்காரன் மற்றதைப் பதிவு செய்து பாஸ்வேர்டைப் பறித்து விடுவான். எந்த எழுத்து எதோடு குழம்பும், எதைத் தடுக்க வேண்டும் என்று நம் நாட்டு எழுத்து முறைகளுக்கான விதிகளை ஒரு குழு எழுதியது. தமிழும் அதில் ஒன்று. இலக்கணம் தெரிந்தவர், புரோகிராமர், கொள்கை தெரிந்தவர் மூவரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டிய வேலை அது. ஐகான் 2007 முதல் தன் கூட்டங்களுக்குப் புதியவர்களைத் தேர்ந்தெடுத்து, பயணச் செலவு கொடுத்து அழைக்கிறது. விண்ணப்பம் ஆன்லைனில்தான்.

ஐ.நா. பற்றி இரண்டு வார்த்தை. இளம் வல்லுநர் தேர்வு என்று ஒன்று உண்டு. வயது 32-க்குள் இருக்க வேண்டும். எந்த நாட்டவர் எழுதலாம் என்ற பட்டியல் ஆண்டுதோறும் மாறும். ஆகவே பட்டியலில் இந்தியா இருக்கிறதா என்று பார்த்து விட்டுப் பயிற்சிப் புத்தகம் வாங்குங்கள். ஐ.நா. செயலகத்தில் இன்டர்ன்ஷிப் செய்தால் சம்பளம் கிடையாது. நியூயார்க்கில் சம்பளமில்லாமல் இருக்க எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போடுங்கள்.

மதுரையிலேயே இருக்க விரும்பினால்? அரவிந்தின் லைகோ பயிற்சி நிறுவனம் 1992 முதல் இயங்குகிறது. பல நாட்டு மருத்துவமனைக்காரர்கள் அங்கே வந்து கற்றுக் கொண்டு போகிறார்கள். அதே ஆண்டு தொடங்கிய ஆரோலேப் கண்ணுக்குள் வைக்கும் லென்சைப் பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. ஒவ்வொரு நாட்டின் மருத்துவக் கருவி விதிகளையும் படித்துப் புரிந்து கொள்ளும் ஆள் இல்லாமல் அந்த ஏற்றுமதி நடக்குமா?

என்ன படிக்கலாம், எப்போது படிக்கலாம்?

ஜார்ஜியா டெக்கில் சர்வதேச விவகாரத்தையும் அறிவியல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே கற்பிக்கும் முதுகலைப் படிப்பு இருக்கிறது. நம் நாட்டில் டில்லி ஜே.என்.யு.வின் சர்வதேசப் படிப்புகள் பள்ளி பழமையானது. கட்டணமும் அமெரிக்காவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. வேலை பார்த்துக் கொண்டே படிக்க டிப்ளோ பவுண்டேஷன் ஆன்லைனில் இன்டர்நெட் நிர்வாகம் பற்றிய பாடங்கள் நடத்துகிறது. பெங்களூரின் தக்ஷசீலாவில் பொதுக் கொள்கைப் படிப்பு உண்டு.

ஆனால் படிப்பின் பெயரைவிட, எப்போது போகிறீர்கள் என்பதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். பி.இ. முடித்த கையோடு சர்வதேச விவகாரம் படித்து வருபவரை இரு பக்கமும் முழுதாக ஏற்பதில்லை. சாப்ட்வேர்காரர் "இவருக்கு நெட்வொர்க் தெரியாது" என்பார். கொள்கைக்காரர் "இவர் இன்ஜினியர்தானே" என்பார். இரண்டு மூன்று ஆண்டு ஒரு தொழில்நுட்பத்தில் கை அழுக்காக வேலை பார்த்து விட்டுப் போனால், வகுப்பில் படிப்பதற்கும் ஒரு பிடிப்புக் கிடைக்கும். நெட்வொர்க், பாதுகாப்பு, டேட்டாபேஸ் என்று எதுவாகவும் இருக்கட்டும்.

இப்போது வீட்டுப் பத்திரத்திற்கு வருவோம். என் பதில், வேண்டாம். ஒரு காரணம் விசா. புதிய எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்கா 2025 செப்டம்பரில் அறிவித்தது. இத்தகைய விதிகள் மாறிக் கொண்டே இருக்கும். படித்து முடித்து அங்கேயே சம்பாதித்துக் கடனை அடைக்கலாம் என்ற கணக்கை அடிப்படையாக வைத்து வீட்டை அடகு வைக்கக் கூடாது. இன்னொரு காரணம், வெளிநாட்டவருக்கு இந்தத் துறையில் அங்கே கிடைக்கும் இடங்கள் குறைவு. அமெரிக்க அரசு வேலைகளில் பெரும்பாலானவற்றிற்கு அந்த நாட்டுக் குடியுரிமை கேட்பார்கள். உதவித் தொகையோடு இடம் கிடைத்தால் தாராளமாகப் போகச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் சென்னையில் ஒரு வேலையில் சேர்ந்து, ஆன்லைன் பாடம் ஒன்றைப் படித்து, சேமித்து விட்டு மறு ஆண்டு விண்ணப்பிக்கலாம். ஒன்றும் குடி முழுகிவிடாது.

இந்தக் காலத்தில் செலவே இல்லாமல் செய்யக் கூடிய பயிற்சி ஒன்று இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், எந்த விதியையும் பரிந்துரைக்கும் முன்னால் ஒரு கலந்தாய்வுத் தாளை வெளியிடும். அதன் இணைய தளத்தில் இலவசமாக டவுன்லோட் செய்யலாம். கடைசியில் கேள்விகள் இருக்கும். யார் வேண்டுமானாலும் குறிப்பிட்ட தேதிக்குள் பதில் அனுப்பலாம். பெரிய டெலிகாம் கம்பெனி அனுப்பிய பதிலும் நீங்கள் அனுப்பியதும் ஒரே பக்கத்தில் வெளியாகும். முதலில் ஒரு பழைய தாளை எடுங்கள். மற்றவர்கள் எழுதிய பதில்களைப் படியுங்கள். எந்தக் கம்பெனி எந்தக் கேள்வியைச் சாமர்த்தியமாகத் தாண்டிப் போகிறது என்று கவனித்தாலே பாதிப் பாடம் முடிந்தது. பிறகு புதிய தாள் வரும்போது எல்லாக் கேள்விக்கும் பதில் எழுத முயலாதீர்கள். உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த ஒரே கேள்வியை எடுத்து, எளிய ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதுங்கள். உங்கள் ஊரில் டவர் சிக்னல் எந்த இடத்தில் எத்தனை கிடைக்கிறது என்று போனிலேயே அளந்து ஓர் அட்டவணை சேர்த்தால் இன்னும் நல்லது. வெளியான பதிலின் இணைப்பை உங்கள் பயோடேட்டாவில் போட்டுக் கொள்ளுங்கள். மேற்படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது, உலக நடப்புகளில் ஆர்வம் உண்டு என்று எழுதும் வரிக்குப் பதிலாக இதைக் காட்டலாம்.